தைலக் கொம்பும் நல்லெண்ணெய்ப் போத்தலும்: யாழ்ப்பாணக் குறிப்புகள்

சனி, வட்டுக்கோட்டை

அமெரிக்க மிசன் வழியில் வளர்ந்தவர்களுக்கு எண்ணெய் என்றால் குசினிச் சாமான்தான். நானும் அந்த வழிதான். எங்கள் கோயிலில் ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் உண்டு, இராப்போசனத்துக்கு அப்பமும் ரசமும் உண்டு, திடப்படுத்தலுக்குப் பேராயர் தலையில் கைவைப்பார். எண்ணெயைக் கண்டதில்லை. ஆனால் ஞாயிறு பாடசாலையில் "என் தலையை எண்ணெயால் அபிஷேகம்பண்ணுகிறீர்" என்று இருபத்துமூன்றாம் சங்கீதத்தை நெட்டுருப் பண்ணி ஒப்புவித்துப் பரிசும் வாங்கியிருக்கிறோம். அந்த எண்ணெய் எங்கே போனது என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை, ஒரு ரீச்சரும் சொல்லவில்லை.

சில்லாலைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் கலியாணம் செய்த பிறகுதான் எண்ணெயைக் கண்டேன். மகனின் திருமுழுக்கு அன்று பாதர் அவன் உச்சந்தலையில் தைலம் பூசினார். வீட்டுக்கு வந்து பிள்ளையை முழுக வார்க்கப் போனேன். மாமி ஓடிவந்து வாளியைப் பறித்துவிட்டா. "தைலம் காயட்டும், விடு பிள்ளை." அன்றைக்கே எனக்குள் ஒரு கேள்வி விழுந்துவிட்டது. கொழும்பு வாழ்க்கையில் அதைத் தூக்கிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

இந்தமுறை வந்தது மாமிக்காக. அவவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை. இவருக்கு லீவு கிடைக்காததால் நான் முன்னுக்கு வந்திருக்கிறேன். சில்லாலைக்குப் போகமுன் வட்டுக்கோட்டையில் அக்கா வீட்டில் தங்கல்.

பின்னேரம் வெயில் தணிய, கோயில் வளவுக்கு நடந்துபோனேன். பறங்கியர் (போர்த்துக்கேயர்) காலத்துக் கோயிலடி, பிறகு ஒல்லாந்தர் கை, பிறகு அமெரிக்கர். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் ஒல்லாந்தர் கைவிட்ட கோயில்களையும் வீடுகளையும் திருத்தித்தான் குடியேறினார்கள். 1823இல் இந்த வளவில் செமினரி தொடங்கினார்கள். இங்கிலீசு, தமிழ், வானசாத்திரம், கணிதம் எல்லாம் கற்பித்தார்கள். எண்ணெய்தான் அவர்கள் கப்பலில் ஏறவில்லை.

காரணம் இருக்கிறது. அவர்கள் ஜெனீவாவில் திருச்சபையைச் சீர்திருத்திய கல்வினின் வழிவந்த கொங்கிறிகேஷனல் சபையார். வருத்தக்காரனுக்கு மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்று யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் வெளிப்படையாகச் சொல்லுகிறது. கல்வின் அதை மறுக்கவில்லை. சுகமாக்கும் வரம் அப்போஸ்தலர் காலத்தோடு போய்விட்டது, வரம் போனபின் எண்ணெயை வைத்திருப்பது வெறும் நாடகம் என்றார். ஜெனீவாவில் எடுத்த முடிவு மிசன் சங்கம் இருந்த பொஸ்ரன் வழியாக வட்டுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. பாட்டுப் புத்தகத்திலும் வேதாகமத்திலும் அபிஷேகம் இருந்தபடியே இருக்க, போத்தல் மட்டும் மறைந்தது. இது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. வரம் போய்விட்டது என்று யார் போய்ப் பார்த்தது?

ஞாயிறு, வட்டுக்கோட்டை

அக்காவின் மூத்தவன் எங்கள் கோயிலுக்கு வருவதை விட்டுவிட்டான். சித்தன்கேணிப் பக்கம் ஒரு ஜெப வீட்டுக்குப் போகிறான். மத்தியானம் வியர்த்து ஒழுக வந்தவன், "இண்டைக்கு நல்ல அபிஷேகம் சின்னம்மா" என்றான், நல்ல மழை பெய்தது என்று சொல்வதுபோல.

"எண்ணெய் பூசினவையோ?"

"எண்ணெய் என்னத்துக்கு? ஆவியானவர் இறங்கினவர்."

சோற்றுக் கோப்பையோடு விறாந்தையில் இருந்து கதைத்தோம். அவன் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. தீர்க்கதரிசி சாமுவேல் தைலக் கொம்பை எடுத்துத் தாவீதை அவன் சகோதரர் நடுவில் அபிஷேகம் பண்ணினான், அன்றுமுதல் கர்த்தருடைய ஆவியானவர் தாவீதின்மேல் இறங்கியிருந்தார் என்று ஒரே வசனத்தில் இரண்டையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது. எண்ணெய் வெளியே, ஆவி உள்ளே. புதிய ஏற்பாட்டு நிருபங்களில் அபிஷேகம் என்று வரும் இடங்களில் கொம்பும் இல்லை, குப்பியும் இல்லை.

ஆனால் வேர் எண்ணெயில்தான் இருக்கிறது. முதலில் வருவது ஒரு கல். பெத்தேலில் தலைக்கு வைத்துப் படுத்த கல்லை ஆதியாகமத்து யாக்கோபு (நிருபம் எழுதினவர் வேறு) காலையில் எழுந்து தூணாக நிறுத்தி, அதன்மேல் எண்ணெய் வார்த்தான். பிறகு இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரமும் அதன் பணிமுட்டுகளும். பிறகு பிரதான ஆசாரியன் ஆரோன், தாடி வழியாக அங்கியின் விளிம்புவரை வடியும் அளவுக்கு. பிறகு ராஜாக்கள். தீர்க்கதரிசிகளில் எலிசாவை அபிஷேகம் பண்ணு என்று எலியாவுக்குக் கட்டளை வருகிறது. போன எலியா சால்வையைத்தான் தூக்கிப் போட்டார், எண்ணெய் வார்த்ததாக அங்கே ஒரு வரியும் இல்லை.

எண்ணெய் பட்டது இனிப் பழைய மாதிரி இல்லை, அதை வேறொருவர் எடுத்துக்கொண்டுவிட்டார் என்பதுதான் இத்தனையிலும் ஓடுகிற நூல். கல்லானாலும் மனிதனானாலும் அதேதான். அதனால்தான் சவுல் ராஜா தன்னைத் துரத்தித் துரத்திக் கொல்லப் பார்த்தும், குகைக்குள் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவனின் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்தான் தாவீது. அறுத்ததற்கே அவன் மனது அடித்துக்கொண்டது. கர்த்தர் அபிஷேகம் பண்ணினவன்மேல் கைபோடுவது எப்படி என்று. சவுல் அப்போது நல்லவனாகவும் இல்லை. ஆள் கெட்டபிறகும் பூசினது பூசினதுதான். இந்த இடம் என்னை எப்போதும் கொஞ்சம் பயப்படுத்தும். மேடையில் நிற்கிற பாஸ்டர்மார் சிலர் இதே வசனத்தைத் தங்களைக் கேள்வி கேட்கிறவர்களின் வாயை அடைக்கப் பாவிக்கிறார்கள். தாவீது சவுலைத் தொடவில்லை, உண்மை. ஆனால் குகைக்கு வெளியே வந்து, நீ செய்வது அநியாயம் என்று சத்தம் போட்டுச் சொன்னான். அந்தப் பாதியை அவர்கள் வாசிப்பதில்லை.

மருமகனிடம் இதைச் சொன்னேன். சிரித்தான். பிறகு மெல்ல, தங்கள் ஜெப வீட்டிலும் மேசையில் ஒரு சின்னப் போத்தல் ஒலிவ் எண்ணெய் இருக்கிறது, வருத்தக்காரருக்குப் பூச, என்றான்.

"அப்ப எண்ணெய் என்னத்துக்கெண்டு கேட்டாய்?"

"அது வேற சின்னம்மா."

திங்கள், யாழ்ப்பாணம் பெரியகடை

இன்றைக்கு ஒரு விசர் வேலை பார்த்தேன். யாத்திராகமம் முப்பதாம் அதிகாரத்தில் அபிஷேக தைலத்துக்கான செய்முறை இருக்கிறது. அந்தப் பட்டியலைத் துண்டில் எழுதிக்கொண்டு பெரியகடைப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். வெள்ளைப்போளம், கருவாப்பட்டை, வசம்பு, இலவங்கப்பட்டை, ஒலிவ எண்ணெய்.

கடை ஐயா நெற்றி நிறையத் திருநீறு. மூக்குக்கண்ணாடியை ஏற்றித் துண்டைப் பார்த்தார். "உதெல்லாம் இருக்கு. ஒலிவ் எண்ணெய்க்குச் சூப்பர் மார்க்கற்றுக்குப் போங்கோ." பிறகு ஒவ்வொரு லாச்சியாக இழுத்துப் பேப்பரில் கொட்டினார். வெள்ளைப்போளம் பேரில்தான் வெள்ளை. கபில நிறக் கட்டி, உள்ளே கண்ணாடிபோல மினுக்கம், விரலில் ஒட்டுகிறது. நாக்கில் வைத்தால் கசப்பு தொண்டைவரை போகிறது. வசம்பைச் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளை எல்லாம் வயிற்றூத்தத்துக்குச் சுட்ட வசம்பு கண்டதுதான். அதே வசம்பு ஆரோனின் தலையிலும் வார்க்கப்பட்டது என்பதை நினைத்துக் கடைக்குள்ளேயே சிரித்துவிட்டேன்.

"என்ன காய்ச்சப் போறியள் பிள்ளை?"

அளவை வாசித்துக் காட்டினேன். போளம் 500 சேக்கல், கருவா 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500. ஒரு சேக்கல் 11 கிராமுக்குக் கொஞ்சம் கூட. அப்படிப் பார்த்தால் சாமான் மட்டும் 17 கிலோ அளவில் வரும். எண்ணெய் ஒரு ஹின், நாலைந்து லீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐயா துண்டை வாங்கித் திரும்பப் பார்த்தார். "உது பிழைச்சுப்போகும். உவ்வளவு பட்டையும் வேரும் உந்த எண்ணெயை அப்பிடியே குடிச்சுப்போடும். பிழிய ஒரு சொட்டு வராது." கொஞ்சம் யோசித்தார். "முதல் தண்ணியிலை ஊறப்போட்டு அவிக்கவேணும். பேந்து எண்ணெயை விட்டு, வாசம் எண்ணெயிலை இறங்கினாப் பிறகு எடுக்கவேணும். அப்பிடிச் செய்திருப்பினம்."

யூத ரபிமார் தல்மூதில் (அவர்களின் பழைய சட்ட விவாத நூல்) இதே வழக்கைத்தான் பேசியிருக்கிறார்கள். வேர்களை எண்ணெயில் போட்டுக் காய்ச்சினார்கள் என்றார் ஒருவர். வேர்களுக்குத் தடவவே அந்த எண்ணெய் போதாதே, தண்ணீரில் ஊறவைத்து மேலே எண்ணெயை விட்டு, வாசத்தை இழுத்தபின் எண்ணெயை வழித்தெடுத்தார்கள் என்றார் மற்றவர். ஐயாவிடம் சொன்னேன். "அந்த ரெண்டாவது ஆளுக்கு மருந்து தெரிஞ்சிருக்கு" என்றார்.

நான் காய்ச்சப் போவதில்லை. இதைப்போல வேறொன்று செய்யக்கூடாது, கண்டவர்மேல் வார்க்கக்கூடாது, மீறினவன் தன் ஜனத்திலிருந்து அறுப்புண்டு போவான் என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. ஐயாவுக்கு அது பிடித்துப்போயிற்று. தைலத்தின் மதிப்பு சாமானில் இல்லை, ஆருக்கு எண்டதிலைதான் இருக்கு என்றார்.

எழும்பும் நேரம் இன்னொன்று ஞாபகம் வந்தது. "சடாமாஞ்சில் இருக்கோ?" இருந்தது. மயிர் மூடிய எலிவால் மாதிரி ஒரு வேர், இமயமலைப் பக்கத்துச் சரக்கு. இங்கே பெண்கள் தலைக்கு வைக்கிற எண்ணெயில் போடுவார்கள். மணந்து பார்த்தால் ஈரமண்ணும் பழைய துணிப்பெட்டியும் ஒன்றாக வருகிற மாதிரி. தமிழ் வேதாகமத்தில் நளத தைலம் என்று வருவது இதிலிருந்து எடுத்ததைத்தான். பெத்தானியாவில் குஷ்டரோகி சீமோன் வீட்டுப் பந்தியில் ஒரு பெண் வெள்ளைக்கல் பரணியை உடைத்து இயேசுவின் தலையில் ஊற்றியது இதை. 300 வெள்ளிக்காசுக்கு மேல் விலைபோகும் என்று சுற்றி இருந்தவர்கள் முறுமுறுத்தார்கள். திராட்சைத் தோட்டக் கூலிக்கு ஒரு நாளைக்கு ஒரு காசு. அப்படியானால் கூலிக்காரனின் ஏறத்தாழ ஒரு வருடச் சம்பளம் ஒரு தலையில் வடிந்தது.

கிறிஸ்து என்பதற்கே அபிஷேகம் பெற்றவர் என்றுதான் பொருள். ஆனால் எந்தத் தீர்க்கதரிசியும் எந்த ஆசாரியனும் இயேசுவுக்கு எண்ணெய் வார்க்கவில்லை. சவுலுக்கும் தாவீதுக்கும் சாமுவேல், சாலொமோனுக்குச் சாதோக்கு. இவருக்கு யோர்தானில் ஆவி இறங்கினது. தேவன் அவரைப் பரிசுத்த ஆவியினால் அபிஷேகம் பண்ணினார் என்று பேதுரு பிறகு கொர்நேலியு வீட்டில் சொல்லுவார். எண்ணெய் என்ற சாமான் இவர் தலையில் விழுந்தது ஒரு பெண்ணின் கையால். மாற்கு அவளின் பேரைக்கூடச் சொல்லவில்லை. யோவான் மரியாள் என்கிறார், பாதத்தில் பூசினாள் என்கிறார், வீடு முழுக்கத் தைலத்தின் வாசம் நிறைந்தது என்கிறார். இயேசு அதற்குக் கொடுத்த விளக்கம் ராஜபட்டமும் இல்லை. என் அடக்கத்துக்காக இதைச் செய்தாள் என்றார்.

இதையும் ஐயாவுக்குச் சொன்னேன். கடையில் வேறு சனம் இல்லாதது எனக்கு வாய்ப்பு. செத்தவீட்டில் உற்றார் வரிசையாக வந்து பிரேதத்தின் தலையில் அரப்பும் எண்ணெயும் வைப்பது இங்கே வழமை. ஐயா பேப்பரை மடித்து நூல் சுற்றிக்கொண்டே, "அப்ப உயிரோடை இருக்கேக்கையே எண்ணெய் வைச்சிட்டா எண்டு சொல்லுங்கோ" என்றார்.

அதைவிட நல்ல வியாக்கியானம் நான் கேட்டதில்லை. மாற்கு சுவிசேஷத்தின்படி, உடலுக்குப் பூசச் சுகந்தவர்க்கம் வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போன பெண்கள் பிந்திவிட்டார்கள். பூச உடல் இல்லை. நேரத்துக்கு வைத்தவள் பெத்தானியாக்காரி ஒருத்திதான்.

திரும்பும் பஸ் மானிப்பாயில் கனநேரம் நின்றது. டொக்டர் கிறீன் இருந்த இடம். 1847இல் வந்து, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, தமிழிலேயே மருத்துவ நூல்கள் ஆக்கிவைத்த மனுசன். எண்ணெயை விட்டுவிட்டு வந்த மிசன் கத்தியும் மருந்தும் கொண்டுவந்தது. நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான் என்று லூக்கா எழுதுகிறார், அந்தக் காலத்தில் மருந்துக்கும் ஜெபத்துக்கும் ஒரே போத்தல்தான்.

செவ்வாய், சில்லாலை

மாமி கதிரையில் இருந்தபடியே வீட்டை நடத்துகிறா. போன கிழமை பாதர் வந்து, சத்திரசிகிச்சைக்கு முன் நோயில் பூசுதல் தரட்டுமோ என்று கேட்டாராம்.

"அவஸ்தை தரவோ எண்டு கேக்கிறார் பிள்ளை. நான் என்ன இண்டைக்குச் சாகப் போறனோ? ஒழுங்கைக்குள்ளை தைலப்பெட்டியோடை பாதர் வந்தா அயல் எல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்திடும்."

அவஸ்தைப் பூசுதல். அவவின் தலைமுறைக்கு அதுதான் பேர். யாக்கோபு எழுதினதில் சாவு இல்லை. கர்த்தர் அவனை எழுப்புவார் என்றுதான் இருக்கிறது. 416இல் பாப்பரசர் முதலாம் இன்னசென்ட் ஒரு கடிதத்தில், ஆயர் மந்திரித்த எண்ணெயைக் குருமார் மட்டுமல்ல, எல்லா விசுவாசிகளும் தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் தேவை வரும்போது பூசலாம் என்கிறார். வீட்டுக்கு வீடு போத்தல் இருந்திருக்கிறது. பிறகு மெல்ல மெல்ல அது குருவின் கைக்குள் மட்டும் போனது. அதோடு, அந்தக் காலத்தில் கடும் பாவப்பரிகாரம் செய்து எழும்பினவன் வாழ்நாள் முழுக்கப் பல கட்டுப்பாடுகளோடு இருக்கவேண்டும். ஆகவே சனம் கடைசி மூச்சுவரை பிற்போட்டது. பரிகாரத்தோடு பூசுதலும் மரணக் கட்டிலுக்குப் போய்விட்டது. 12ஆம் நூற்றாண்டில் அதன் பேரே கடைசிப் பூசுதல் என்றாகிவிட்டது. மாமி பயப்படுவது 800 வருடப் பழக்கத்துக்கு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் அந்தப் பேரை ஓரம்கட்டி நோயில் பூசுதல் என்றது. 1972இல் பாப்பரசர் ஆறாம் பவுல் சடங்கைத் திருத்தினார். வயதுபோய்த் தளர்ந்தவர்களுக்கும் கொடுக்கலாம், ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயும் போதும் என்றார். நல்லெண்ணெயும் ஆகும் என்று அர்த்தம்.

இதெல்லாம் மாமியிடம் எடுபடவில்லை. எடுபட்டது யோசவ் வாஸ் முனிவர்.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனதும் குருமார் துரத்தப்பட்டார்கள், கத்தோலிக்க வழிபாடு தடை. 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்து இறங்கிய வாஸ் சுவாமி சில்லாலையில்தான் ஒளித்துத் தங்கினார். 2015 தை (ஜனவரி) 14 காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினபோது, இந்த ஊரே தன் வீட்டுப் பிள்ளைக்குப் பட்டம் கிடைத்த மாதிரி நின்றது. வாஸ் வரும்வரை ஏறத்தாழ முப்பது வருடம் இங்கே குரு இல்லை. ஞானஸ்நானம் யாரும் கொடுக்கலாம், தண்ணீர் கிணற்றில் இருக்கிறது. தைலத்துக்கு ஆயர் வேண்டும், இலங்கையில் ஆயரும் இல்லை. ஒரு தலைமுறை முழுக்க எண்ணெய் படாமலே பிறந்து எண்ணெய் படாமலே செத்திருக்கும். வாஸ் சுவாமி பாவித்த தைலமும் கடல் கடந்துதான் வந்திருக்கவேண்டும்.

மாமி இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு வரச் சொல்லு. படலையடியிலை மோட்டச்சைக்கிளை விடவேண்டாம், பின்னுக்கு விடச் சொல்லு."

புதன், சில்லாலை

காலையில் பாதரைக் கூட்டிவரக் கோயிலுக்குப் போனபோது கோயில் சாமான்களைப் பார்க்கிற சங்கிலித்தாம் ஐயா உள்ளறை அலுமாரியைத் திறந்து காட்டினார். மூன்று போத்தல். நோயாளர் எண்ணெய், திருமுழுக்குக்கு ஆயத்தமாகிறவர்களுக்குப் பூசும் ஆயத்த எண்ணெய், கிறிஸ்மா. உயிர்த்த ஞாயிறுக்கு முன் ஆயர், குருமார் சூழ, பேராலயத்தில் மூன்றையும் மந்திரித்துப் பங்குகளுக்குக் கொடுத்துவிடுவார். பெரிய வியாழன் காலை என்பது மரபு, தூரப் பங்குகளுக்காக முன்னுக்கு வைக்கிற மறைமாவட்டங்களும் உண்டு. முதல் இரண்டும் வெறும் எண்ணெய்தான். கிறிஸ்மாவில் மட்டும் பரிமளப் பிசின் சேரும், ஆயர் பாத்திரத்தின் வாயில் ஊதுவார். மகனின் தலையில் அன்றைக்கு மணத்தது அதுதான். திருமுழுக்கில் உச்சிக்கு, உறுதிப்பூசுதலில் நெற்றிக்கு, குருப்பட்டத்தில் உள்ளங்கைக்கு, ஆயர் பட்டத்தில் தலைக்கு. பழைய வருடத்து மிச்சத்தை ஊற்றிவிடக்கூடாது, எரிக்கவேண்டும் என்றார் ஐயா. அவர் அதைப் பஞ்சில் ஒற்றி எரிக்கிறாராம்.

பாதர் கொண்டுவந்தது பெருவிரல் அளவு ஒரு வெள்ளிச் சிமிழ். திறந்தால் எண்ணெய் தளும்பும் என்று பார்த்தேன். உள்ளே ஊறிய பஞ்சு மட்டும். பெருவிரலால் பஞ்சை அமுக்கினார். முதலில் பேச்சில்லாமல் தலையில் இரண்டு கையும் வைத்தார். பிறகு நெற்றியில் ஒரு சிலுவை, இரண்டு கையிலும் ஒவ்வொன்று. முந்திக் கண், காது, மூக்கு, வாய் என்று ஐம்புலனுக்கும் பூசி, ஒவ்வொன்றாலும் செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பார்களாம். இப்போதைய செபத்தில் பாவமும் வருகிறது, ஆனால் ஆண்டவர் உன்னை எழுப்புவாராக என்பதில்தான் முடிகிறது. யாக்கோபின் சொல் திரும்ப வந்துவிட்டது.

முடிந்ததும் மாமி கையைத் திருப்பிப் பார்த்தா. "இவ்வளவுதானோ எண்ணெய்? சனிக்கிழமை முழுக்குக்கே நான் இதைவிடக் கூட வைப்பன்."

பாதர் பஞ்சால் விரலைத் துடைத்துக்கொண்டு, "ஆரோனுக்கு வார்த்த கணக்கிலை வார்த்தா உங்கடை சேலை பழுதாப்போம் அம்மா" என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் பின்பக்கத்தால் போனார். அயல் அப்படியும் கண்டுவிட்டது.

வியாழன், சங்கரத்தைப் பக்கம்

அக்கா வீட்டில் விட்ட பையை எடுக்கப் போகிற வழியில் ஒரு கோயிலடியில் ஓட்டோ நின்றுவிட்டது. தெருவெல்லாம் சனம். கும்பாபிஷேகத்துக்கு முன் எண்ணெய்க்காப்பு. வரிசையில் யாழ்ப்பாணக் கல்லூரியில் என்னோடு படித்தவள், கையில் நல்லெண்ணெய்ப் போத்தல். செருப்புகளுக்குக் காவல் நில் என்று என்னை மறித்துவிட்டாள்.

மூலஸ்தானத்தை ஐயரைத் தவிர ஒருவரும் தொடமுடியாது. எண்ணெய்க்காப்பு அன்று மட்டும் சாதாரண சனம் உள்ளே போய்த் தன் கையால் சாமிக்கு எண்ணெய் வைக்கலாம். கிழவிகள் விடிய நாலு மணிக்கே வந்து நிற்பது அதற்குத்தான். கத்தோலிக்கப் பக்கத்தில் இதற்குக் கிட்ட வருவது பீட அபிஷேகம். புதுக் கோயில் திறக்கிறபோது ஆயர் பீடத்தின் நடுவிலும் நாலு மூலையிலும் கிறிஸ்மாவை ஊற்றி, அங்கியைச் சுருட்டிக்கொண்டு உள்ளங்கையால் பீடம் முழுக்கத் தேய்ப்பார். சுவரில் பன்னிரண்டு இடத்திலோ நாலு இடத்திலோ சிலுவை போடுவார். யாக்கோபின் கல்லிலிருந்து வருகிற வழி.

இந்தக் கிட்டத்தை எழுத்தில் வைத்தவர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பில் வருடக்கணக்காக உட்கார்ந்தவர் அவர். ஆசரிப்புக் கூடாரத்தின் விளக்கையும் தூபத்தையும் பலியையும் எங்கள் மிசனரிமாரைவிடக் கவனமாக வாசித்திருப்பார். 1854இல் சைவ தூஷண பரிகாரம் வந்தது. எங்கள் கிரியைகளைப் பழிக்கிறீர்களே, உங்கள் வேதத்தில் இதெல்லாம் இல்லையோ என்று வசனம் எடுத்துக்காட்டிக் கேட்டார். கிறிஸ்து வந்ததோடு அவை முடிந்தன என்பது மிசனின் பதில். கத்தோலிக்கருக்கு அந்தப் பதில் பொருந்தாது, ஆயத்த எண்ணெய் கையில் இருக்கிறது. எண்ணெயை இறக்கிவிட்டு வந்த எங்களுக்குப் பொருந்தும், ஆனால் அப்போது யாக்கோபு நிருபத்துக்கு என்ன சொல்வது? நாவலர் அந்த இடத்தைப் பிடித்திருந்தால் வட்டுக்கோட்டை திணறியிருக்கும்.

சினேகிதி வெளியே வந்தாள். முழங்கைவரை எண்ணெய் மினுங்கியது. மாமியின் கதையைச் சொன்னேன். "எங்கடை சாமிக்கு நாங்கள் எண்ணெய் வைக்கிறம், உங்கடை சாமி உங்களுக்கு வைக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்" என்று தீர்த்துவிட்டாள். முக்கால்வாசி சரி. மிச்சக் காலுக்குப் பெத்தானியாவைச் சொன்னேன், வெள்ளைக்கல் பரணியையும் சடாமாஞ்சிலையும் சேர்த்து.

"அப்ப அந்தப் பொம்பிளை செய்தது எண்ணெய்க்காப்புத்தானே" என்றாள்.

இல்லை, அது அடக்கத்துக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். ஓட்டோக்காரர் ஹோன் அடித்துவிட்டார். திங்கள் காலை மாமியை ஆஸ்பத்திரியில் சேர்க்கவும் அவரையே சொல்லிவைத்திருக்கிறேன். அடுத்த குறிப்பு அங்கிருந்து எழுதுகிறேன்.